கிளிநொச்சிப் பக்கம் பைக் எஞ்சின் வேலைக்குக் கொடுக்கிறவர்கள் கவனம்

58,000 ரூபாய் போய்விட்டது. கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கடையின் பெயர் போடவில்லை. ஏ9 வீதியோரம், ரேஸ் எஞ்சினும் செய்து தரப்படும் என்று பலகை வைத்த ஒரு கராஜ், அவ்வளவுதான். என் 150 சிசி பைக் புகை தள்ளியதால் சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து, அதாவது போர் அடித்து, புது பிஸ்டன் போடக் கொடுத்தேன். முதலாளி பிஸ்டனைத் துணியால் துடைத்து என் உள்ளங்கையில் வைத்து, "பாருங்கோ தம்பி, பின் ஓட்டை சரி நடுவில இல்லை, கண்ணுக்குத் தெரியாத அளவு தள்ளி இருக்கு, இது விளங்காதவன் எஞ்சினில கை வைக்கக் கூடாது" என்றார். (பின் என்றால் பிஸ்டனைக் கனெக்டிங் ரொட்டோடு இணைக்கிற உருளைக் கம்பி.) இவ்வளவு நுணுக்கம் தெரிந்த ஆள் என்று முழுக் காசையும் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

எடுத்து வந்ததிலிருந்து காலையில் ஸ்டார்ட் பண்ணினால் டக் டக் சத்தம். கேட்டால் ரன்னிங் இன் (புது பாகங்கள் பழகும்வரை மெதுவாக ஓட்டுகிற காலம்) முடிய நின்றுவிடும் என்றார்கள், அப்புறம் ஒயிலை மாற்று என்றார்கள், பிறகு டைமிங் செயின், பிறகு முதலாளி வவுனியாவுக்குப் போய்விட்டார், கடைசியில் போனே எடுக்கவில்லை. விசுவமடுவில் எஞ்சின் நின்றே போனது.

வேறொரு மெக்கானிக் அண்ணை ஹெட்டைக் கழற்றினார். பிஸ்டன் தலையில், புகை வெளியேறுகிற எக்ஸோஸ்ட் பக்கம் பார்க்கவேண்டிய அம்புக்குறி, பெற்றோல் கலவை உள்ளே வருகிற கார்புரேட்டர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இன்லெட் வால்வுக்கான பெரிய பள்ளம் மறுபக்கம் போய்விட, வால்வு சின்னப் பள்ளத்தின் விளிம்பில் இடித்து, நகப்பிறை மாதிரிப் பளபளவென்று ஒரு வெட்டு. வால்வும் வளைந்திருந்தது.

கொண்டுபோய்க் காட்டினால், "அது டிராக் ரேஸ் செட்டப் தம்பி, வேணுமெண்டுதான் திருப்பிப் போட்டனான், பவர் கூடும்" என்கிறார்! பாதி உண்மையை வைத்துத்தான் இப்படி ஏமாற்றுகிறார்கள். நேர்பாதையில் சில விநாடி ஓடுகிற அந்த எஞ்சின்களில் உராய்வு கொஞ்சம் குறையட்டும் என்று பின் நடுவிலேயே இருக்கிற பிஸ்டன் போடுவார்கள், சிலர் திருப்பியும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வால்வுக்கு இடம் இருக்கிறதா என்று அளந்துதான் போடுவார்கள், அடிக்கடி கழற்றியும் பார்ப்பார்கள், சத்தத்தைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை. வீதியில் ஓடும் எஞ்சினில் பின்னை ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தள்ளி வைப்பதே, எரிந்த வாயுவின் முழு அழுத்தம் வருமுன் பிஸ்டன் மெதுவாகச் சாய்ந்து சிலிண்டர் சுவரோடு சேரட்டும் என்றுதான். திருப்பிப் போட்டால் அந்த அழுத்தத்தோடு போய் அறையும். நான் கேட்ட டக் டக் அதுதான். வயலுக்கும் வேலைக்கும் ஓடுகிற பைக்குக்கு யார் ரேஸ் செட்டப் கேட்டது?

58,000 ரூபாயில் ஒரு சதம்கூடத் திரும்பவில்லை. வால்வுக்கும் புது பிஸ்டனுக்கும் செலவு வேறு.

சரி, கொடுக்கப் போகிறவர்கள் சிலிண்டர் இறக்குமுன் பக்கத்தில் நின்று அம்புக்குறியைப் படம் எடுங்கள். பிஸ்டனில் ஐஎன் (IN) என்று அடித்திருந்தால் அது இன்லெட் பக்கம் வரவேண்டும். பின் கழன்று வராமல் பிடிக்கிற பழைய சர்க்கிளிப் வளையத்தைத் திரும்பப் போட விடாதீர்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள், 58,000 ரூபாயை முன்னுக்கே கொடுக்கவே கொடுக்காதீர்கள். ரன்னிங் இன் என்று இழுத்தடித்தால் ஓடாமல் நிறுத்தி உடனே வேறு ஆளிடம் காட்டுங்கள்.