குமானோ கோடோ: வழிகாட்டி இல்லாமல் நடந்த அனுபவம்

ஜப்பானின் கீ தீபகற்பத்தில் இருக்கும் குமானோ கோடோ யாத்திரைப் பாதையை நானும் கணவரும் இரண்டு தவணையாக நடந்தோம். முதல் தவணை தகிஜிரியிலிருந்து ஹோங்கு கோயில் வரை, ஏறக்குறைய 38 கிலோமீட்டர். சில ஆண்டுகள் கழித்து ஹோங்குவிலிருந்து நாச்சி கோயில் வரை. சிங்கப்பூர் தேக்காவில் பார்க்கிறவர்கள் எல்லாம், “ஆள் துணை இல்லாமல் காட்டுக்குள் எப்படிப் போனீங்க?” என்று இன்னும் கேட்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வழியைப் பற்றிப் பயமே வேண்டாம். 500 மீட்டருக்கு ஒரு எண் போட்ட கம்பம் நிற்கிறது. பிரிந்து போகும் ஒற்றையடிப் பாதைகளில் ‘இது குமானோ கோடோ அல்ல’ என்றே பலகை மாட்டியிருக்கிறார்கள். பெரிய பெட்டியை அடுத்த விடுதிக்கு வண்டியில் அனுப்பிவிடலாம். ஒரு நாள் எங்கள் பெட்டி இருட்டிய பிறகுதான் வந்தது. மாற்று உடையும் மருந்தும் எப்போதும் முதுகுப்பையில் இருக்கட்டும்.

பயிற்சிதான் முக்கியம். நம் ஊரின் உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டர்தான். நாச்சிக்குப் போகும் கடைசிக் கட்டத்தில் எச்சிசென் கணவாய் 870 மீட்டர். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நின்று நின்று ஏறிவிடலாம். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம். பாசி பிடித்த பழைய கற்படிகள், ஒன்று முழ உயரம், அடுத்தது சாண் உயரம்; மழை பெய்தால் வழுக்கும். மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பாதையில் எவ்வளவு நடந்தாலும் அந்த இறக்கத்துக்குக் கால் பழகாது. இரண்டாவது தவணைக்கு முன் எங்கள் புளோக்கில் மின்தூக்கியில் மேலே போய், படிக்கட்டில் இறங்கிக்கொண்டே இருந்தோம். வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. இரண்டு ஊன்றுகோல்களும் கட்டாயம்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் அறை பதியும்போதே விளக்கமாக எழுதிவிடுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. மிசோ சூப்பிலும் வேகவைத்த காய்கறியிலும்கூட மீன் துருவலில் எடுத்த சாறு இருக்கும். நாங்கள் கொண்டுபோன பருப்புப்பொடி சோற்றுக்குக் கைகொடுத்தது. மலைக்கிராமங்களில் விடுதிகள் கொஞ்சம்தான், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சீக்கிரம் நிரம்பிவிடும். முதலில் அறை, அப்புறம் ஓசாகாவுக்கு விமானச்சீட்டு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஒவ்வொரு ‘ஓஜி’ எனும் சிறுகோயில் அருகிலும் கூரை வைத்த மரப்பெட்டி ஒன்று இருக்கும். உள்ளே முத்திரையும் மைத்தட்டும். நாம் கொண்டுபோகும் முத்திரை ஏட்டில் நாமே குத்திக்கொள்ள வேண்டியதுதான். நேரமாகிறதே என்று சொல்ல யாரும் இல்லாததால் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து எழுந்தோம். இந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஹோங்கு கோயில் முன்பு ஓயுனோஹரா என்ற ஆற்றுத்திட்டில் இருந்தது. 1889 வெள்ளம் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போக, தப்பிய சன்னிதிகளை மேட்டுக்கு மாற்றினார்கள். பழைய இடத்தில் இன்று புல்வெளியும் மரங்களும்தான். முகப்பில் மட்டும் 34 மீட்டர் உயரத் தோரண வாயில். நடந்து வந்தவர்கள் பலரும் புதுக் கோயிலில் கும்பிட்டுவிட்டு அந்த வெற்றிடத்துக்கும் வருகிறார்கள். தைப்பூசத்தில் டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடந்து வளர்ந்த எனக்கு, மூலவர் இல்லாத இடத்திலும் தானாகக் கை குவிந்தது.

பக்கத்திலேயே யுனோமினே வெந்நீர் ஊற்று. பொதுக் குளியலுக்குக் கூச்சப்படுகிறவர்களுக்கு அங்கே ட்சுபோயு என்ற சின்னக் குளியலறை உண்டு, அரை மணி நேரம் நமக்கு மட்டும். வெளியே கொதிக்கும் ஊற்றில் முட்டையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேகவைக்கலாம்.

முழுப் பாதையும் முடியாதவர்கள் ஹொஷின்மோன் ஓஜி வரை பேருந்தில் போய், அங்கிருந்து ஹோங்குவுக்கு நடக்கலாம். சுமார் 7 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம், நடுவே தேயிலைச் செடிகளும் வீடுகளும். அடுத்த முறை அம்மாவை அந்த வழியில்தான் கூட்டிப்போகிறோம். இப்போதே படிக்கட்டில் இறங்கிப் பழகுகிறார்.