கரும்பாலை ஊர்ச் சுற்றுலா: துரை வீட்டுக்கு ஒரு மணி, லயத்துக்கு ஒரு படம்

மலேசியாவில் பினாங்குப் பெருநிலத்தின் பழைய கரும்பாலை ஊர்களைக் காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். ஆளுக்கு 120 வெள்ளி (ரிங்கிட்). செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். ஆலை என்ற சொல்லுக்காகவே மைத்துனரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது. 2014-இல் திறந்த இரண்டாம் பாலத்தைத் தாண்டி பத்து காவானில் இறங்கினால் கண்ணில் படுவதெல்லாம் தொழிற்சாலைக் கூரைகள்தாம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோச்சு சீனர்கள் கரும்பு போட்ட மண் அது. எருமை பூட்டிய கல் ஆலையில் சாறு பிழிந்தார்கள். 1840-களில் வெள்ளைக்காரத் துரைமார் நீராவி இயந்திரங்களோடு வந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிய நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கினார்கள். வழிகாட்டித் தம்பி இதையெல்லாம் மனப்பாடமாக, மூச்சு விடாமல் ஒப்பித்தார். அப்போது எனக்கு நம்பிக்கை இல்லை.

சுங்கை பாக்காப்பில் அவர் செய்த காரியம் என் எண்ணத்தை மாற்றியது. சாலையோரக் கடையில் இரண்டு பை கரும்புச் சாறு வாங்கி, ஒன்றை எங்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். மற்றதை ஐஸ் இல்லாமல் வேனின் முன்கண்ணாடி ஓரம் தொங்கவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் பச்சை போய்ப் பழுப்பேறியிருந்தது. மேலே நுரை, முகர்ந்தால் லேசான புளிப்பு. "வெட்டிய கரும்பும் இப்படித்தான் ஐயா, காத்திருக்காது" என்றார். இனிப்பு குறைவதற்குள் பிழிந்து, சுண்ணாம்பு சேர்த்து, காய்ச்சியாக வேண்டும். அதனால் ஆலை வயலின் நடுவிலேயே நின்றது. ஆலைக்கு ஆள் வேண்டும் என்பதால் லயமும், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளும், அதன் காலடியிலேயே எழுந்தது. ஊர் பிறந்த காரணம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் தெரிந்தது. செம்பனைக் குலையும் இதே ரகம்தான்: காத்திருந்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். லாரி தாமதமானால் எங்கள் மேலாளர் போடும் சத்தம் ஞாபகம் வந்தது.

இவ்வளவு அழகாகத் தொடங்கியவர் நிபோங் திபாலில் சறுக்கினார். கலிடோனியா தோட்டத்து 99 கதவு மாளிகையை வெளியே நின்று பார்ப்பதற்கு மட்டும் ஒரு மணி நேரம் போனது. 1948-இல் ராம்ஸ்டன் துரை சுட்டுக் கொல்லப்பட்ட கதை, பிறகு பேய்க் கதை, பிறகு எல்லாரும் வரிசையாக நின்று செல்ஃபி. இடிந்த சுவரில் செடி முளைத்திருப்பதைப் பார்க்க எனக்கு எதற்கு 120 வெள்ளி? அந்தக் கதவுகளைத் திறந்து மூடியவர்களும் துணி துவைத்தவர்களும் எங்கே படுத்தார்கள் என்று கேட்டேன். கைப்பேசியில் ஒரு லயத்துப் படத்தைக் காட்டினார். அவ்வளவுதான்.

கரும்பு ஏன் போனது என்பதையும் நான் கேட்டுத்தான் சொன்னார். ரப்பர் நல்ல விலை கொடுத்தது. 1910-இல் அந்த விலை உச்சம் தொட்டது. அதே ஆண்டு ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுப்பதும் நின்றது. கரும்பு போன இடத்தில் ரப்பர் பால் மரம் வந்தது, ஆள் சேர்க்கும் கங்காணி வழியாக ஆட்கள் வந்தார்கள், ஆலை ஓய்ந்தது. இன்று அதே மண்ணில் செம்பனை. மூன்று பயிர் மாறியும் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நின்றவர்கள் நம்மவர்களே என்பதை ஒரு தமிழ் வழிகாட்டி தானாகச் சொல்லியிருக்க வேண்டாமா?

சாப்பாடு பரவாயில்லை, மீன் குழம்பில் புளி தூக்கல். தண்ணீர் போத்தல் கொடுத்தார்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போகலாம், அந்தச் சாற்றுப் பைக்காகவாவது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மாளிகை நேரத்தில் பாதியை வெட்டிவிட்டு, லயத்தில் வளர்ந்த ஒரு பாட்டியைப் பேச வைத்தால் இன்னொன்று கூட்டிப் போடுவேன். முன்பதிவு செய்யும்போது பின்வரிசை இருக்கை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்சாதனக் காற்று அங்கே எட்டவில்லை, தோட்டத்துச் செம்மண் பாதையில் முதுகெலும்பும் தப்பாது.