கூடைப்பந்துப் பயிற்சிக்கு ஒரு செயலி: இரண்டு சீசன் அனுபவம்

சேலத்தில் எங்கள் கல்லூரி அணியின் பயிற்சிக்குப் போன் செயலி ஒன்றைப் பயன்படுத்தத் தொடங்கி இரண்டு சீசன் ஓடிவிட்டது. வளையமும் எறிபவரும் தெரியும்படி போனை ஸ்டாண்டில் நிறுத்தினால் போதும். எத்தனை எறிந்தோம், எத்தனை விழுந்தன, பந்து எந்தக் கோணத்தில் கிளம்பியது என்று கணக்குச் சொல்லிவிடும்.

இதில் உருப்படியான சங்கதி கோணம்தான். வளையத்தின் விட்டம் 45 செ.மீ. ஆனால் பந்து 35 டிகிரியில் தட்டையாக வந்து இறங்கினால், அதற்குக் கிடைக்கும் வாசல் ஏறக்குறைய 26 செ.மீ.தான், பந்தின் விட்டமே 24 செ.மீ.! 45 டிகிரியில் இறங்கினால் வாசல் 32 செ.மீ. ஆகிவிடுகிறது. பிரீ த்ரோ (யாரும் மறிக்காமல் எறியும் தண்ட எறி) கோட்டிலிருந்து அப்படி இறங்க வேண்டுமானால், பந்து கையை விட்டு 50 டிகிரிக்கு மேல் கிளம்ப வேண்டும். "உயர்த்தி எறியடா" என்று தொண்டை வறளக் கத்தியும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்ட பையன், திரையில் 43 என்று பார்த்ததும், "சார், இன்னொரு முறை" என்று தானாகவே கோட்டுக்கு ஓடினான். அதன் பிறகு முழங்கை உயர்ந்தது. பிரீ த்ரோவும் தேறியது.

வலை இல்லாத வளையத்தில் செயலி திணறுகிறது; உள்ளே விழுந்ததையும் தவறியதாக எழுதிவிடும். நம் ஊர் மைதானங்களில் வலை கிழிந்தால் யார் மாற்றுகிறார்கள்? மேட்டூரில் மீன்வலைக்கு விற்கும் நைலான் கயிற்றை வாங்கி நாங்களே பின்னிக் கட்டினோம். சித்திரை வெயிலில் சிமெண்ட் தரையில் வைத்த போன் சூடேறி அணைந்துவிடுகிறது. எனவே காலை ஏழரைக்குள் முடித்தாக வேண்டும். ஏற்காட்டில் முகாம் போட்டபோது தலைகீழ்: வெயில் தொல்லை இல்லை, ஆனால் மூடுபனி இறங்கினால் கேமராவுக்குப் பந்தே தெரியவில்லை.

செயலியில் உள்ள டிரிபிளிங் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது) பயிற்சிகள் வெறும் விளையாட்டுச் சாமான். திரையில் மின்னும் புள்ளியைத் தொடுவதும், மறித்து நிற்கும் ஆளைத் தாண்டுவதும் ஒன்றல்ல. தடுப்பாட்டம், பாஸ், யார் எங்கே நிற்கிறார்கள் என்ற கவனம் எதையும் இது கற்றுத் தராது.

இன்னொன்று, ஒவ்வொரு எறிக்கும் திரையைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் தொற்றிக்கொள்கிறது. ரீபவுண்டுக்கு, அதாவது விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிக்க, ஓட ஆள் இல்லை. ஆகவே முடிவுகளைப் பயிற்சி முடிந்த பிறகே காட்டுகிறேன். போட்டிக்கு முந்தைய வாரம் ஸ்டாண்டை வெளியே எடுப்பதே இல்லை.