மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடையில் ஆத்துமா எங்கே? நான்கு கிறிஸ்தவப் பார்வைகள்

இறந்தோரைப் பற்றிக் கிறிஸ்தவ சபைகள் கொண்டிருக்கும் கருத்து வேறுபாடுகளைப் பேசத் தொடங்கினால், பேச்சு விரைவிலேயே மோட்சம், நரகம் என்று போய்விடுகிறது. ஆனால் பெரும் பிளவு அங்கே இல்லை. கிறிஸ்து மீண்டும் வருவார், இறந்தோர் உடலோடு எழுவார்கள், அனைவருக்கும் நியாயத்தீர்ப்பு உண்டு என்பதில் கத்தோலிக்கரும், கீழைத் திருச்சபையினரும் (ஆர்த்தடாக்ஸ்), சீர்திருத்த சபையினரும் (புராட்டஸ்டண்டு), ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினரும் ஒன்றுபட்டே நிற்கிறார்கள். ஒருவர் இன்று இறக்கிறார், உயிர்த்தெழுதல் இன்னும் வரவில்லை. இந்த இடைக்காலத்தில் அவருடைய ஆத்துமா எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கும்போதுதான் வழிகள் பிரிகின்றன. அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு கேள்வியும் வருகிறது: உயிரோடிருக்கும் நாம் அவருக்காக ஜெபிக்கலாமா? இவ்விரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்பதும், இவற்றை ஒன்றாக்கிவிட்டதே ஐந்நூறு ஆண்டு விவாதத்தின் பெருங்குழப்பம் என்பதும் என் கருத்து.

கத்தோலிக்கப் போதனையே இவற்றுள் மிக விரிவாக வரையறுக்கப்பட்டது. மனிதர் இறந்தவுடன் அவரவருக்கு உரிய தீர்ப்பான தனித்தீர்வை நடக்கிறது. முற்றும் தூய்மையானவர்கள் விண்ணகம் செல்கிறார்கள், சாவான பாவத்தில் மனந்திரும்பாமல் இறந்தவர்கள் நரகம் அடைகிறார்கள், கடவுளின் அருளில் இறந்தும் முழுத் தூய்மை அடையாதவர்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தூய்மை பெறுகிறார்கள். இந்தத் தெளிவு எளிதில் வந்ததன்று. புனிதர்களின் ஆத்துமாக்களும்கூட உலக முடிவில் நடக்கும் பொதுத்தீர்வை வரை கடவுளை முகமுகமாகக் காண்பதில்லை என்று திருத்தந்தை 22ஆம் யோவான், அப்போது திருத்தந்தையர் தங்கியிருந்த அவிஞ்ஞோன் நகரில் பிரசங்கித்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. 1334இல் மரணப்படுக்கையில் அவர் அக்கருத்தைத் திரும்பப் பெற்றார். அவருக்குப் பின் வந்த 12ஆம் ஆசீர்வாதப்பர், தூய்மையான ஆத்துமாக்கள் உயிர்த்தெழுதலுக்கு முன்பே கடவுளைக் காண்கின்றன என்று 1336இல் அதிகாரபூர்வமாக வரையறுத்தார். திருத்தந்தை ஒருவரே தடுமாறிய இடம் இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், மற்றச் சபைகளின் தயக்கங்களையும் பொறுமையோடு அணுக முடியும்.

உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி ஆயர்களின் பேரவைகளான புளோரன்ஸ் சங்கமும் (1439) திரிதெந்து சங்கமும் (1563) அறிவித்தவை மக்களிடையே புழங்கும் கதைகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இறந்தபின் தூய்மையாக்கம் உண்டு, அங்கிருக்கும் ஆத்துமாக்களுக்கு உயிரோடிருப்போரின் ஜெபங்களும், சிறப்பாகத் திருப்பலியும் உதவுகின்றன என்பவையே சாரம். எத்தனை ஆண்டு, எத்தகைய நெருப்பு, எந்த இடம் என்று திரிதெந்து சொல்லவில்லை. மாறாக, ஆர்வக் கோளாறையும் மூடநம்பிக்கையையும் பணலாபத்தையும் தூண்டும் பேச்சுகளைத் தடுக்கும்படி ஆயர்களுக்குக் கட்டளையிட்டது. அது ஓர் இடமன்று, ஒரு நிலை என்று இரண்டாம் யோவான் பவுல் 1999இல் விளக்கினார்.

வேத ஆதாரத்தில்தான் சிக்கல் எழுகிறது. கத்தோலிக்கர் முதலில் காட்டுவது 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரம். போரில் இறந்த யூத வீரர்களின் ஆடைக்குள் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்துகள் கிடைக்கின்றன. படைத்தலைவர் யூதா மக்கபே அவர்களுடைய பாவத்துக்குப் பரிகாரப் பலி செலுத்தும்படி பணம் திரட்டி எருசலேமுக்கு அனுப்புகிறார். சீர்திருத்த சபைகள் இந்நூலைத் தங்கள் வேதாகமத்தில் சேர்ப்பதில்லை என்பதை ஒருபுறம் வைத்துவிட்டே இதைப் படிக்கலாம். அவ்வீரர்களின் பாவம் சிலைவழிபாடு. கத்தோலிக்கப் போதனைப்படியே அது சாவான பாவம், உத்தரிக்கிற ஸ்தலத்தில் தீரும் சிறு குறையன்று. மேலும் யூதா உயிர்த்தெழுதலை மனத்தில் கொண்டே அவ்வாறு செய்தார் என்று நூலாசிரியர் சொல்கிறார். இடைக்காலத் தூய்மையாக்கத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. ஆகவே இறந்தோருக்காக ஜெபிக்கும் வழக்கத்துக்கு இப்பகுதி நல்ல சாட்சி, உத்தரிக்கிற ஸ்தலத்துக்கோ சாட்சியாகாது. அடுத்துக் காட்டப்படும் 1 கொரிந்தியர் 3ஆம் அதிகாரத்து நெருப்பும் சபையைக் கட்டுவோரின் வேலையைக் கர்த்தருடைய நாளில் சோதிக்கும் நெருப்பே. இறந்த அன்றே தொடங்கும் நெருப்பாக அதைப் படிக்க வலிந்து பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது.

சீர்திருத்த சபைகளின் நிலை இதற்கு நேர் எதிரானது. விசுவாசியின் ஆத்துமா இறந்தவுடன் கிறிஸ்துவிடம் போகிறது, அவிசுவாசியின் ஆத்துமா வேதனையில் நியாயத்தீர்ப்பு நாளுக்குக் காத்திருக்கிறது. உடலை விட்ட ஆத்துமாக்களுக்கு இவ்விரண்டு இடங்களைத் தவிர வேறெதையும் வேதம் அறியாது என்று 1640களில் இங்கிலாந்தில் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை கூறுகிறது. ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் 22ஆவது, உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிய உரோமைப் போதனையை வேத ஆதாரமற்ற வீண் கற்பனை என்று தள்ளுகிறது. பிலிப்பியர் 1:23இல் “தேகத்தைவிட்டுப் பிரிந்து, கிறிஸ்துவுடனேகூட இருக்க” ஆசைப்படும் பவுலின் ஏக்கமே இப்பார்வையின் பலமான தூண். பல நூற்றாண்டு உணர்வற்ற உறக்கத்தையோ, நெருப்பில் தூய்மையாவதையோ எதிர்பார்க்கிறவர் மரணத்தை “அதிக நன்மை” என்று அப்படிச் சொல்லியிருப்பாரா என்ற கேள்விக்கு மற்றவர்கள் தரும் பதில்கள் எனக்கு நிறைவு தரவில்லை.

இப்பார்வையின் குறை கோட்பாட்டைக் காட்டிலும் பிரசங்கங்களில் தெரிகிறது. அடக்க ஆராதனையில் “அவர் பரலோகம் சேர்ந்துவிட்டார்” என்று சொல்லி முடித்துவிடும்போது, அப்புறம் உயிர்த்தெழுதலுக்கு என்ன வேலை என்று கேட்பவருக்குத் தோன்றிவிடுகிறது. 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தில் துக்கப்படுவோருக்குப் பவுல் தரும் ஆறுதல் முழுவதும் கர்த்தரின் வருகையையும் மரித்தோர் எழுவதையும் பற்றியது. ஆத்துமா இப்போது இருக்கும் இடத்தைப் பற்றி அவர் அங்கே விவரிப்பதே இல்லை. நம் ஊர் அடக்க ஆராதனைகளில் இப்பகுதி தவறாமல் வாசிக்கப்படுகிறது. பிரசங்கமோ பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் ஒன்று.

இறந்தவர் உயிர்த்தெழும்வரை உணர்வின்றி உறங்குகிறார் என்னும் ‘உறங்கும் ஆத்துமா’ பார்வை பழைய ஏற்பாட்டில் வலுவாகக் காலூன்றி நிற்கிறது. “மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்” என்கிறது பிரசங்கி 9:5. தானியேல் 12:2 பூமியின் தூளிலே நித்திரைபண்ணுகிறவர்கள் விழித்தெழுவதைப் பேசுகிறது. “நம்முடைய சிநேகிதனாகிய லாசரு நித்திரையடைந்திருக்கிறான்” என்று இயேசுவே சொல்கிறார். சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்து, இறந்தோரை உறங்குவோராகப் பேசிய லூத்தரின் எழுத்துகளில் பல இடங்கள் இப்பார்வைக்கு நெருங்கி வருகின்றன. மற்றொரு சீர்திருத்தத் தலைவரான கால்வினோ இதற்கு எதிராகவே தம் முதல் இறையியல் நூலை 1534இல் எழுதினார், அது 1542இல் அச்சேறியது. இன்று இதைத் தெளிவாகப் போதிக்கும் பெரிய சபை, 1863இல் அமெரிக்காவில் அமைப்புப் பெற்ற ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. மனிதனுக்கு ஆத்துமா என்று தனியே ஒன்று இல்லை, மனிதன் முழுவதுமே ஜீவாத்துமா என்று ஆதியாகமம் 2:7ஐக் காட்டி அவர்கள் சொல்கிறார்கள். 1848க்குப் பின் இறந்தோரின் ஆவிகளோடு பேசும் இயக்கம் அமெரிக்காவில் பரவியபோது, இறந்தவர் எவரும் பேச முடியாது என்ற இப்போதனை அவர்களுக்கு உறுதியான அரணாக இருந்தது. நரகத்தைப் பற்றிய கருத்திலும் அவர்கள் வேறுபடுகிறார்கள்: துன்மார்க்கர் முடிவில் அழிந்துபோவார்கள், முடிவில்லாமல் வதைபடுவதில்லை.

கீழைத் திருச்சபைகள் நடுவில் நிற்பதுபோல் தோன்றினாலும், அவர்களுடைய பாதை தனியானது. இறந்தவரின் ஆத்துமா உணர்வோடு இருக்கிறது, தனக்கு வரவிருக்கும் மகிழ்ச்சியையோ துயரத்தையோ முன்சுவையாக உணர்கிறது. முழு நிலை உயிர்த்தெழுதலுக்குப் பின்பே. புளோரன்ஸ் சங்கத்தில் தூய்மையாக்கும் நெருப்பு என்ற கருத்தை எபேசு நகரின் கிரேக்கப் பேராயர் மாற்கு எதிர்த்து நின்றார், கீழை, மேலைத் திருச்சபைகளை இணைக்கும் சங்கத்தின் ஆவணத்தில் கையெழுத்திடவும் மறுத்தார். ஆயினும் இறந்தோருக்காக ஜெபிப்பதில் இவர்கள் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். மூன்றாம், ஒன்பதாம், நாற்பதாம் நாள்களில் நினைவு வழிபாடு நடத்துகிறார்கள். கிரேக்க, சிலாவிய மரபுகளில், மண்ணில் விழுந்து முளைக்கும் கோதுமை மணியை உயிர்த்தெழுதலின் அடையாளமாகக் கொண்டு, வேகவைத்த கோதுமையில் தேன் கலந்து ஆலயத்தில் வைக்கிறார்கள். கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் உத்தரிக்கிற ஸ்தலத்தை ஏற்காமலேயே இறந்தோருக்காக ஜெபிக்கிறது. அந்த ஜெபம் எப்படிப் பலிக்கிறது என்று கேட்டால், அது கடவுளின் இரக்கத்தைச் சேர்ந்தது என்பதற்கு மேல் அவர்கள் விளக்க முற்படுவதில்லை. இந்த அடக்கத்தைப் பலவீனம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதைப் பலமாகவே காண்கிறேன்.

நான்கு பார்வைகளும் மோதும் ஒரு வசனத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். சிலுவையில் தொங்கும் கள்வனிடம் இயேசு, “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்று மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்” என்கிறார். எந்தக் கிரியையும் செய்ய நேரமில்லாதவன் அன்றே சேர்க்கப்பட்டான், ஆகவே தூய்மையாக்கத்துக்கு இடமில்லை என்கிறார்கள் சீர்திருத்த சபையினர். அது கிறிஸ்து அளித்த தனிச் சலுகை, எல்லாருக்கும் உரிய நடைமுறையாகாது என்று கத்தோலிக்கர் பதில் சொல்லக்கூடும். பரதீசு வேறு, முழுமையான இராஜ்யம் வேறு என்பது கீழையோர் கருத்து. மூல ஏட்டில் நிறுத்தக்குறி இல்லாததால், “இன்றைக்கு உனக்குச் சொல்லுகிறேன்” என்றே பிரிக்க வேண்டும் என்கிறார்கள் அட்வென்டிஸ்ட் சபையினர். உயிர்த்தெழுந்த பின்னும் “நான் இன்னும் என் பிதாவினிடத்திற்கு ஏறிப்போகவில்லை” என்று யோவான் 20:17இல் இயேசு சொல்வதை அவர்கள் துணைக்கு அழைக்கிறார்கள். சுவிசேஷங்களில் “மெய்யாகவே சொல்லுகிறேன்” என்ற வாக்கு பல முறை வருகிறது. வேறெங்கும் “சொல்லுகிறேன்” என்பதைச் சொல்லும் நேரத்தைக் குறிக்க இயேசு “இன்றைக்கு” என்பதைச் சேர்க்கவில்லை. அதனால் அவர்களுடைய பிரிப்பை ஏற்க எனக்கு இயலவில்லை. எனினும் இவ்வசனத்தைக் கொண்டு உத்தரிக்கிற ஸ்தலத்தை முழுவதும் மறுத்துவிடலாம் என்பதும் மிகைதான். ஒருவனுக்குச் சொல்லப்பட்ட வாக்குறுதி அது.

எல்லாம் சேர்த்துப் பார்க்கையில், இறந்த விசுவாசி உணர்வோடு கிறிஸ்துவிடம் இருக்கிறார் என்ற சீர்திருத்த நிலையே வேதத்தோடு அதிகம் பொருந்துகிறது; அந்நிலையை விவரிப்பதில் கீழையோரின் அடக்கமே தகும். ஆனால் ஜெபத்தைப் பற்றிய கேள்வி இதோடு தீர்ந்துவிடுவதில்லை.

கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், விதவை ஒருத்தி இறந்த கணவனுக்காக ஜெபிப்பதையும், அவன் இறந்த நாளில் ஆண்டுதோறும் காணிக்கை செலுத்துவதையும் வழக்கமான செயலாகவே குறிப்பிடுகிறார். 387இல் உரோமைக்கு அருகிலுள்ள ஒஸ்தியா துறைமுகத்தில் இறக்கும் தறுவாயில் இருந்த மோனிக்கா, தம் உடலை எங்கே அடக்கினாலும் கவலையில்லை, கர்த்தரின் பீடத்தண்டை தம்மை நினைவுகூர்ந்தால் போதும் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டார். இறையியலாளரான மகன் அகஸ்தீன் பின்னாளில் அதை எழுதியபோது, தம் பெற்றோரை வாசிப்பவர்களும் பீடத்தண்டை நினைக்கும்படி வேண்டினார். உத்தரிக்கிற ஸ்தலக் கோட்பாடு சங்கங்களில் வரையறை பெறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஜெபம் இருந்தது.

பாவமன்னிப்புச் சீட்டு வணிகத்தையும் காசுக்கு நடந்த பூசைகளையும் கண்ட சீர்திருத்தக்காரர்கள் சினந்தது நியாயமே. ஆனால் அந்தச் சினத்தில் லூத்தரே இந்த ஜெபத்தைத் தள்ளிவிடவில்லை. 1528இல் எழுதிய விசுவாச அறிக்கையில், இறந்தோருக்காகத் தனிப்பட ஜெபிப்பது பாவமன்று என்கிறார். “கடவுளே, இந்த ஆத்துமா உதவி பெறத்தக்க நிலையில் இருக்குமானால் இரங்கும்” என்று ஒருமுறையோ இருமுறையோ கேட்டால் போதும் என்பது அவர் தரும் அறிவுரை. லூத்தரன் சபையின் ஆக்ஸ்பர்க் அறிக்கைக்கு 1531இல் லூத்தரின் தோழர் மெலாங்தன் எழுதிய விளக்கவுரையும் இறந்தோருக்கான ஜெபத்தை நாங்கள் தடுப்பதில்லை என்கிறது. பிற்காலச் சபைகள் பல இதை விட்டுவிட்டன.

“ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்” என்ற எபிரெயர் 9:27 இதற்குத் தடையாகக் காட்டப்படுகிறது. மரணத்துக்குப் பின் மனந்திரும்ப இரண்டாம் வாய்ப்புக் கிடைக்கும் என்று நம்பி ஜெபிப்பவருக்கு அது உண்மையில் தடைதான். மோனிக்கா கேட்டது அத்தகைய வாய்ப்பையன்று. தாம் நம்பி இறந்த கர்த்தரிடம் தம் பெயர் சொல்லப்பட வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். அதை மறுக்க இவ்வசனத்தில் ஆதாரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.