பி அண்ட் ஐடி சிம்பல்களோட 11 வருஷம்: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு கட்டு பி அண்ட் ஐடி (பிளான்ட்ல இருக்கற பைப், வால்வு, கருவி எல்லாத்தையும் குறியீடா காட்டற படம்) பிரிண்டையும் ஒரு மஞ்சள் ஹைலைட்டரையும் கையில கொடுத்து, லைன் லைனா நடந்து பாத்து படத்துல இருக்கறதெல்லாம் ஃபீல்டுல இருக்கான்னு சரிபாத்துட்டு வான்னு அனுப்பினாங்க. அதுலேருந்து 11 வருஷம் ஆச்சு. டிசைன் பக்கமும் உக்காந்தாச்சு, ஷிஃப்ட்லயும் நின்னாச்சு, ஹேசாப் மீட்டிங்ல (எங்கெங்க ஆபத்து வரலாம்னு அலசற கூட்டம்) அதே ஷீட்டை நாள் கணக்கா வெச்சுப் பேசியும் ஆச்சு. இந்தக் குறியீடுகள்ல எது நல்லா உழைக்குது, எது காலை வாரிவிடுதுன்னு புதுசா வர்றவங்களுக்கு உபயோகமா இருக்கட்டும்னு எழுதறேன்.

முதல்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது, பலூனுக்குள்ள, அதாவது கருவியைக் காட்டற வட்டத்துக்குள்ள, எழுதுற எழுத்துகள். இந்தக் குறியீடுகளுக்கான தரநிலை ஐஎஸ்ஏ 5.1 முதல்ல வந்தது 1949ல, அதுக்கப்புறம் எத்தனையோ தடவை திருத்திட்டாங்க, ஆனா அடிப்படை அப்படியே நிக்குது: முதல் எழுத்து எதை அளக்கறோம்னு சொல்லும், பின்னாடி வர்ற எழுத்து அதை வெச்சு என்ன செய்யறோம்னு சொல்லும். ஒரு ஃப்ளோ லூப்பையே, அதாவது ஓட்டத்தை அளந்து கட்டுப்படுத்தற அமைப்பையே, எடுத்துக்கோங்க. பைப்புல ஆரிஃபிஸ் பிளேட் (நடுவுல துளை போட்ட தகடு), அது எஃப்இ. அதுக்கு மேல நடுவுல கோடே இல்லாத வெறும் வட்டம், எஃப்டி, அதாவது ஃபீல்டுலயே நிக்கற டிரான்ஸ்மிட்டர். அங்கேருந்து விட்டுவிட்டுப் போட்ட கோடு, அது எலக்ட்ரிக்கல் சிக்னல், கிளம்பி சதுரத்துக்குள்ள வட்டம் போட்ட எஃப்ஐசிக்கு, அதாவது ஓட்டத்தைக் காட்டிக் கட்டுப்படுத்தற கன்ட்ரோலருக்குப் போகுது, நடுவுல குறுக்குக்கோடு இருந்தா ஆபரேட்டர் ஸ்கிரீன்லயே பாக்கலாம்னு அர்த்தம். அப்புறம் எஃப்ஒய், சிக்னலை மாத்தற கருவி. அதைத் தாண்டினதும் கோடே மாறிடும், முழுக்கோட்டு மேல அங்கங்க ரெண்டு ரெண்டா சாய்வுக் கீறல், அது காத்து. 4-20 மில்லி ஆம்ப் உள்ள போய் 3-15 பிஎஸ்ஐ காத்தா வெளிய வந்து கன்ட்ரோல் வால்வை அசைக்குது. இவ்வளவு விஷயமும் கட்டைவிரல் அகலத்துக்குள்ள அடங்கிடுது, ஒரு வரி விளக்கம் எழுத வேண்டியதில்ல!

கன்ட்ரோல் வால்வோட தண்டுல ஒரு குட்டி அம்புக்குறி போடுவாங்க, கீழ பாத்தா காத்து நின்னா மூடிக்கும், மேல பாத்தா திறந்துக்கும், அம்புக்குப் பதிலா எஃப்சி (ஃபெயில் க்ளோஸ்), எஃப்ஓ (ஃபெயில் ஓப்பன்)னு எழுத்தாவும் இருக்கும். ஒருநாள் ராத்திரி இன்ஸ்ட்ருமென்ட் ஏர் பிரஷர் இறங்க ஆரம்பிச்சப்ப, கூலிங் வாட்டர் வால்வு திறந்துக்கும், ஸ்டீம் வால்வு மூடிக்கும்னு ஷீட்டைப் பாத்து உடனே சொல்ல முடிஞ்சுது, அந்த அம்பு மேல அன்னிக்கு வந்த மரியாதை இன்னும் குறையல. அதே மாதிரி சேஃப்டி வால்வுக்கு அடியில இருக்கற பிளாக் வால்வு பக்கத்துல சிஎஸ்ஓன்னு மூணு எழுத்து இருக்கும், திறந்தே இருக்கணும்னு சீல் போட்டது, யாரும் சும்மா மூடக்கூடாது. பம்ப் சக்ஷன்ல, அதாவது பம்புக்குள்ள திரவம் வர்ற பக்கத்துல, எக்சென்ட்ரிக் ரெட்யூசரோட (ஒரு பக்கம் தட்டையா இருந்து பைப் அகலத்தைக் குறைக்கற துண்டு) தட்டைப் பக்கம் மேலயா கீழயான்னு ஒரு குறிப்பு இருக்கும். பைப் படுக்கையா வந்து பம்புல சேர்ற இடத்துல பொதுவா தட்டை மேல வரணும், இல்லேன்னா மேல் வளைவுல கேஸ் தங்கி பம்ப் திணறும்.

சரி, பிரச்சனைக்கு வர்றேன். எழுத்துகளை நம்பற அளவுக்கு வடிவங்களை நம்பக்கூடாது. ஐஎஸ்ஏ பெரும்பாலும் இன்ஸ்ட்ருமென்டைப் பத்தித்தான் பேசும், பம்பு, எக்ஸ்சேஞ்சர், டேங்க் எல்லாத்துக்கும் ஐஎஸ்ஓ 10628 இருக்கு, இது போதாதுன்னு ஒவ்வொரு டிசைன் ஆபீஸும் தனக்குன்னு கொஞ்சம் மாத்தி வெச்சிருக்கும். இதுல எனக்கு நேர்ல பட்டது சதுரத்துக்குள்ள டயமண்ட். ஐஎஸ்ஏவோட 1984 பதிப்புல அது பிஎல்சி, அதாவது சாதாரண கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர். 2009 பதிப்புல அதே வடிவத்தை சேஃப்டி இன்ஸ்ட்ருமென்டட் சிஸ்டத்துக்கு (எஸ்ஐஎஸ், ஆபத்து வந்தா தானா நிறுத்தற தனிப் பாதுகாப்பு அமைப்பு) கொடுத்துட்டாங்க. நான் பழைய டிராயிங்ல வளந்த ஆள், புது யூனிட்டோட ஷீட்ல அதைப் பாத்துட்டு சாதாரண பிஎல்சி இன்டர்லாக்னு நெனச்சு பைபாஸ் ஃபார்ம்ல (அதைத் தற்காலிகமா நிறுத்தி வெக்க அனுமதி கேக்கற படிவம்) அப்படியே எழுதிக் கொடுத்துட்டேன். கையெழுத்துப் போட வேண்டிய சீனியர் நிறுத்தி, "லெஜன்ட் ஷீட்டைப் பாத்தியாப்பா?"ன்னு ஒரே கேள்வி கேட்டார், எந்தக் குறிக்கு என்ன அர்த்தம்னு சொல்ற ஷீட் அது. பாக்கல. அது எஸ்ஐஎஸ் ட்ரிப், அதுக்கு அப்ரூவல் வழியே வேற, பைபாஸ்ல இருக்கற நேரத்துக்கு மாத்துப் பாதுகாப்பும் தனியா எழுதியாகணும். அன்னிலேருந்து எந்த டிராயிங் செட்டைத் திறந்தாலும் முதல்ல லெஜன்ட் ஷீட்தான், அதைப் பிரிண்ட் போட்டுப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் மத்தது.

பிரிண்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஏ1 சைஸுக்கு வரைஞ்சதை ஏ3ல கருப்பு வெள்ளையா எடுக்காதீங்க, லைன் நம்பர்ல 3 எது 8 எதுன்னே தெரியாது.

இன்னொண்ணு, பி அண்ட் ஐடிக்கு ஸ்கேல் கிடையாது. படத்துல ஒட்டி ஒட்டி இருக்கற ரெண்டு வால்வு ஃபீல்டுல ஒண்ணு தரையில, இன்னொண்ணு ரெண்டு மாடி மேல இருக்கும். புதுசா வர்ற பசங்க படத்தை மட்டும் பாத்து இவ்வளவு நேரத்துல மூடிடலாம்னு ப்ரொசீஜர் எழுதிடறாங்க, தயவுசெஞ்சு ஒரு தடவை நடந்துட்டு எழுதுங்க.

எல்லாத்தையும் விடப் பெரிய குறை சிம்பல்ல இல்ல, ரெவிஷன்ல, அதாவது படத்தைப் புதுப்பிக்கறதுல இருக்கு. ஒரு வெசலை (பெரிய கலன்) திறக்கறதுக்கு ஐசொலேஷன் பிளான், அதாவது எந்தெந்த லைனை அடைச்சுப் பிரிக்கணும்னு திட்டம், போட்டேன், லேட்டஸ்ட் ரெவிஷன் பாத்துத்தான், ஸ்பெக்டகிள் ப்ளைண்ட் (லைனைத் திறக்கவோ அடைக்கவோ மாத்திப் போடற மூக்குக்கண்ணாடி வடிவத் தகடு) எது திறந்தது எது அடைச்சதுன்னு ஒவ்வொண்ணா டிக் அடிச்சு, முழுசா. ஃபீல்டு ஆபரேட்டர் அண்ணன் டேக் மாட்டப் போனவர் வாக்கி டாக்கில கூப்பிட்டார்: "சார், படத்துல இல்லாத ஒரு லைன் இங்க நிக்குது, மாட்டறதுக்கு முன்னாடி வந்து பாருங்க." போய்ப் பாத்தா 1 இன்ச் லைன், நைட்ரஜன் ஹெடர்லேருந்து நேரா வெசலுக்கு, இன்சுலேஷனுக்குப் பின்னாடி வால்வோட. எப்பவோ ஒரு ஷட்டவுன்ல போட்டு, டிராயிங்ல ஏத்தாம விட்டிருக்காங்க. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, உள்ள இறங்கற ஆளுக்கு மூச்சு போறது கூடத் தெரியாது. பெர்மிட்டை அங்கயே நிறுத்தி, அந்த லைனைப் பிரிச்சு ப்ளைண்ட் அடிச்ச பிறகுதான் மேல போனோம்.

மாஸ்டர் காப்பில அப்பவே செவப்புப் பேனாவால அந்த லைனை வரைஞ்சு, வால்வு போட்டு, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். மாத்தின இடத்தைச் சுத்தி மேகம் மாதிரி கோடு வரைஞ்சு, முக்கோணத்துக்குள்ள புது ரெவிஷன் நம்பரோட ஒழுங்கான ஷீட் வர்றதுக்கு எட்டு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் அந்தச் செவப்புக் கோட்டைத் தொட்டுக் காட்டித்தான் அடுத்த ஆளுகிட்ட பொறுப்பை ஒப்படைச்சோம்.