ஊட்டி கொடிக்கடை: கதர் நல்லது, கயிறு சுமார்

கமர்ஷியல் ரோட்டுச் சின்னக் கடை. பள்ளி, எஸ்டேட் ஆபீஸ்களுக்குத் தேசியக் கொடி இங்கேதான் வாங்குகிறார்கள். 900×600 மி.மீ. கதர்க் கொடி அளவு சரியாக 3:2, சக்கரத்தில் 24 ஆரமும் இருபுறமும் தெளிவு. தையலிலும் குறையில்லை. ஆனால் நம்ம ஊர் மூடுபனியில் கதர் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். தினமும் ஏற்றுபவர்கள் பாலியஸ்டரே வாங்குங்கள். இந்தியக் கொடி விதித்தொகுப்பில் 2021 டிசம்பரில் செய்த திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தடையில்லை.

உடன் தரும் நைலான் கயிறுதான் தொல்லை. ஜனவரி 26 அன்று டெல்லியில் குடியரசுத் தலைவர் செய்வதுபோல, மடித்து உச்சியில் கட்டிய கொடியை இழுத்து விரிப்பது இங்கேயும் வழக்கம். முந்தின இரவே கட்டிவைத்தால் பனியில் முடிச்சு இறுகி, விருந்தினர் இழுக்க இழுக்கத் திறக்காது. பருத்திக் கயிறு தனியாக வாங்கி, காலையில் ஒற்றைச் சுருக்கு மட்டும் போட்டு, ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பூவைக் கொஞ்சமாக வையுங்கள், ஈரப்பூ கட்டியாகிவிடும்.

அரைக்கம்பத்துக்கு எவ்வளவு இறக்குவது என்று கடைக்காரரே விளக்குகிறார். குடியரசுத் தலைவர் மறைந்தால் நாடு முழுக்க அப்படித்தான். முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகு பாதிக்கு இறக்க வேண்டும்; மாலையில் இறக்கும் முன்னும் உச்சியைத் தொட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு குறை: 225×150 கார்க் கொடியைச் சுற்றுலா டாக்சிக்காரர்களுக்கும் ஸ்டாண்டோடு விற்கிறார்கள். காரில் கொடி பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே. மேசைக்கு 150×100 போதும்.