ஒரே காலையில் இரண்டு படங்கள், ஒன்றையொன்று அறியாத இரண்டு அறிக்கைகள்

இம்முறை விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது, 48 வயதான என் அக்காவை மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராமும், ஒலி அலையால் படம் எடுக்கும் அல்ட்ராசவுண்டும் ஒரே மையத்தில், ஒரே காலையில் முடிந்தன. மேமோகிராம் எடுத்த பெண், மார்பகத்தை அழுத்தும் தட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் வலிக்கிறதா என்று கேட்டு, அக்கா தலையசைத்த பிறகே படம் எடுத்தார். அந்தப் பொறுமையை நான் மறக்க மாட்டேன்.

குறை தெரிந்தது அறிக்கைகள் கைக்கு வந்த பிறகுதான். திசு அடர்த்தி 'சி' வகை, அதாவது அடர்ந்த திசு, என்று குறித்த மேமோகிராம் அறிக்கை, சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்று முடித்திருந்தது. அல்ட்ராசவுண்டு அறிக்கையோ, இடது மார்பகத்தில் கடிகாரத்தின் இரண்டு மணித் திசையில் 9 மில்லிமீட்டர் அளவுள்ள திடமான கட்டி இருப்பதாகக் கூறியது. கையொப்பமிட்டவர்கள் வெவ்வேறு மருத்துவர்கள். ஒருவர் பார்த்த படத்தை மற்றவர் பார்த்த அடையாளமே இல்லை. எதை நம்புவது என்று கேட்டதற்கு, உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். மூலப் படங்களைக் குறுந்தட்டில் வாங்கவே மேலும் இரண்டு நாள் அலைந்தோம்.

வேறொரு மருத்துவமனையின் கதிரியக்க மருத்துவர் இரண்டையும் திரையில் அருகருகே வைத்து விளக்கினார். எக்ஸ்ரேயில் அடர்ந்த திசுவும் வெண்மை, கட்டியும் வெண்மை என்பதால் ஒன்றில் மற்றொன்று மறைந்துவிடும். ஒலி அலை அவற்றைப் பிரித்துக் காட்டுவதோடு, நீர்க்கட்டியா திடக்கட்டியா என்பதையும் சொல்லிவிடும். ஆனால் சில வேளை புற்றுநோயின் தொடக்க அறிகுறியாக இருக்கும், பொடிமணல் போன்ற சுண்ணாம்புப் படிவுகளைத் தெளிவாகக் காட்டுவது மேமோகிராம்தான் என்பதால், அதைக் கைவிடவும் முடியாது. அடர்ந்த திசுவும் கூடுதல் ஆபத்தும் உள்ள பெண்களிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான அக்ரின் 6666 ஆய்வில், மேமோகிராம் மட்டும் 1000 பேருக்கு 7.6 புற்றுநோய்களைக் கண்டறிந்தது. அல்ட்ராசவுண்டும் சேர்ந்தபோது அது 11.8 ஆக உயர்ந்தது. புற்றுநோய் இல்லாதவர்களுக்கும் ஊசிப் பரிசோதனை செய்ய நேர்வது அதனால் கூடியது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பின்னர் பல கோணங்களிலிருந்து அடுக்கடுக்காக எடுக்கும் டோமோசிந்தசிஸ் படத்தில், அதே இரண்டு மணித் திசையில், சீரான ஓரத்தோடு கட்டி தென்பட்டது. ஊசி வழியாக எடுத்த திசுவைச் சோதித்தபோது, அது புற்றுநோய் அல்ல, ஃபைப்ரோஅடினோமா எனப்படும் தீங்கற்ற கட்டி என்று உறுதியானது.

வீட்டுப் பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்பவர்கள், எல்லாப் படங்களையும் ஒரே மருத்துவர் ஒப்பிட்டு எழுதும் கூட்டறிக்கை கிடைக்குமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். முதல் அறிக்கையோடு அக்கா வீடு திரும்பியிருந்தால், அந்தக் கட்டி எத்தகையது என்று யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.